முதல் மணிக்கே எடுத்த போன்

புக்கால்பா துறையில் இருக்கும் அந்தப் படகுக் கம்பெனியில் போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. உக்கயாலி நதியில் ஓடுகிற எவன் போனிலும் பேலன்ஸ் என்று உருப்படியாக ஒன்று இருந்ததே கிடையாது. அதோடு, வளைவில் ஏதாவது மேட்டின்மேல் ஏறி நின்றால் நாலு மூச்சுக்கு டவர் கிடைக்கும், அப்புறம் போய்விடும். அதில் நலம் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் மிஸ்டு கால்தான் அங்கே பாஷை.

ஒரு மிஸ்டு கால் என்றால் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அடுத்தடுத்து இரண்டு என்றால் மணல் திட்டில் தட்டி நிற்கிறோம், பதறாதே, தண்ணீர் ஏறினால் கிளம்பிவிடுவோம். மூன்று என்றால் ஆள் வேண்டும், கம்பெனியின் வேகப் படகான லாஞ்சை அனுப்பு. மூன்றாவது மணிக்கு மட்டும் ஆபீஸ் போனைக் கவனிக்கிற நெலிடா ரிசீவரைத் தூக்குவாள். தூக்கி, ஒன்றும் பேசாமல், உடனே வைத்துவிடுவாள். கேட்டாயிற்று, லாஞ்ச் புறப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். எடுப்பதற்கு வேறு எந்த அர்த்தமும் ஒருநாளும் இருந்ததில்லை. இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, தப்பாமல் நடந்துகொண்டிருந்தது.

வில்டர் பிஞ்சி அந்த ஆபீசின் மின்சாரம், இன்டர்நெட், பிரிண்டர், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். எது கெட்டாலும் "வில்டரைக் கூப்பிடு" என்பார்கள். சம்பளப் புத்தகத்தில் மட்டும் அவன் பேர் ஏறவில்லை. ஒப்பந்தம் முடிய முடிய நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். அவனைத் தொழில்நுட்பப் பள்ளியில் படிக்க வைத்தது அண்ணன் அப்னர். 'க்ளாரித்தா' என்ற சரக்குப் படகில் எஞ்சின்காரன். அப்பா போனபின் எஞ்சின் புகையைக் குடித்துக் குடித்தே தம்பியை ஆளாக்கினான். "என் தம்பி ஒயரைத் தொட்டா போதும், செத்த ரேடியோகூடப் பாடும்" என்று துறையில் பார்க்கிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். வில்டருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பிடிக்கும்.

கம்பெனியைத் தலைநகர் லீமாக்காரர்கள் வாங்கினார்கள். வாங்கிய சூட்டோடு ஓர் உத்தரவு வந்தது. லீமாவில் எல்லோரும் ஒரு செயலியில்தான் வேலை பார்க்கிறார்களாம். பேசுவது, எழுதுவது, படம் அனுப்புவது, கூட்டம் போடுவது எல்லாம் அதற்குள்ளேயே. புக்கால்பா ஆபீஸ் போனையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். இங்கே அடிக்கிற மணி அங்கே கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். இதை நல்லபடியாக முடித்தால் உங்களை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசலாம் என்று லீமாவில் இருக்கும் மேலாளர் ரென்ஸோ வில்டரிடம் சொன்னார்.

வில்டர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான். எலி கடித்த ஒயர்களோடு சுவரில் தொங்கிய பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியைக் கழற்றித் துடைத்தான். நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, இந்தப் பக்கம் ஆபீஸ் லைனையும் அந்தப் பக்கம் செயலியையும் கோர்த்தான். லீமாவிலிருந்து வந்த குறிப்பில், போன் வந்த உடனே ஒரு பெண் குரல் எடுத்து, வணக்கம் சொல்லி, விற்பனைக்கு ஒன்றை அழுத்து, கணக்குக்கு இரண்டை அழுத்து என்று பேச வேண்டும் என்று இருந்தது. வில்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். அவன் நதிக்கரைப் பிள்ளை அல்லவா. முதலில் நெலிடாவின் மேஜையில் மணி நன்றாக அடிக்கட்டும், அடித்து ஓய்ந்தால் மட்டும் அந்தக் குரல் எடுக்கட்டும் என்று அமைத்தான். மிஸ்டு கால்கள் பழையபடி வந்தன, நெலிடா பழையபடி தலையை நிமிர்த்தாமல் படகுகளின் பேரைச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

கெடுத்தது அந்த வாராந்திர ரிப்போர்ட். செயலி தானாகவே போட்டு லீமாவுக்கு அனுப்பிவிடும். அதில் புக்கால்பாவுக்கு வந்த போன்களில் முக்கால்வாசிக்கு மேல் 'எடுக்கப்படாமல் இழந்தவை' என்று சிவப்பாக வந்து நின்றது. மற்ற ஊர் ஆபீஸ்களெல்லாம் பச்சையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை ரென்ஸோ திரையில் தோன்றினார். நல்ல குளிரூட்டிய அறை போலிருக்கிறது, கோட்டு போட்டிருந்தார். இந்தப் பக்கம் ஃபேன் சுடுகாற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது? காட்டுல எல்லாரும் ஊஞ்சல் கட்டித் தூங்குறீங்களா? இத்தனை கஸ்டமர் கூப்பிட்டு அலுத்துப்போய் வெச்சிருக்கான்."

நெலிடா பொறுமையாக விளக்கினாள். அவர்கள் கஸ்டமர் இல்லை, நம் படகுக்காரர்கள், ஒன்றுக்கு இது அர்த்தம், இரண்டுக்கு இது, மூன்றுக்கு இது என்று விரல் மடக்கிச் சொன்னாள். ரென்ஸோ சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கும். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நெலிடா சொல்லவில்லை.

படகுக்காரர்கள் எல்லோரும் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளட்டும் என்றார் அவர். இரண்டு வளைவு தாண்டினால் இன்டர்நெட் கிடையாது என்றாள் நெலிடா. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை முதலாளிகள் கூட்டத்துக்கு இந்தச் சிவப்போடு நான் போக முடியாது, இன்றைக்கே எல்லாப் போனையும் முதல் மணிக்கே அந்தக் குரல் எடுத்தாக வேண்டும் என்றார். நெலிடா வில்டரைப் பார்த்தாள். நீ சொன்னால் கேட்பார்கள், நீதான் படித்தவன் என்கிற பார்வை அது. வில்டருக்கு வாய்வரை வந்தது. க்ளாரித்தா மேலே அத்தலாயா பக்கம் பொலொக்னேசி ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறது, அண்ணனுக்கு இந்த மாற்றம் தெரியாது, அது திரும்பும்வரையாவது பொறுங்கள் என்று சொல்ல நினைத்தான்.

"வில்டர், இதை மாத்த எவ்வளவு நேரமாகும் உங்களுக்கு?" என்று கேட்டார் ரென்ஸோ.

"இப்பவே முடிச்சிடலாம் சார்," என்றான் வில்டர்.

நெலிடா எழுந்து தன் மேஜைக்குப் போய்விட்டாள். கணினியில் ஓர் இடத்தில் சொடுக்கினால் தீர்ந்தது வேலை. பாழாய்ப்போன அந்த வேலை அத்தனை சுலபம். துறையில் கட்டி நின்ற படகுகளுக்கெல்லாம் அவனே போய், இனி மிஸ்டு கால் செல்லாது, அந்தக் குரல் எடுத்தால் பொறுத்திருந்து பேசுங்கள் என்று ஒவ்வொருவனிடமும் சொன்னான். "பேசறதுக்கு பேலன்ஸ் உங்கப்பனா போடுவான்?" என்று கேட்டார்கள். அண்ணனுக்குச் செய்தி எழுதி அனுப்பினான். அது ஒற்றைக் குறியோடு நின்றுவிட்டது, போய்ச் சேரவில்லை. க்ளாரித்தாவில் நல்ல போன் என்றால் சமையல்காரர் லிஸ்டரிடம்தான். அவருக்கும் அனுப்பினான். அதுவும் அப்படியே நின்றது.

சனிக்கிழமை காலையில் லிஸ்டரின் நம்பர் திரையில் வந்தது. முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை, அந்தக் குரல் எடுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் உடனே துண்டித்துவிட்டார்கள். நம்பருக்குப் பக்கத்தில் பச்சையாக 'பதிலளிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். இருவரும் அடுத்த மணிக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

"ஒண்ணுதான். அப்போ பொலொக்னேசி போய்ச் சேர்ந்துட்டாங்கக்கா," என்றான் வில்டர்.

"ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றே? அவங்க மூணு அடிக்க நினைச்சிருந்தாலும் உன் மெஷின் முதல்லயே எடுத்து இருந்த காசைத் தின்னிருக்கும். அப்புறம் எங்கேருந்து ரெண்டாவது வரும்?"

அது வில்டருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அவன் திருப்பிக் கூப்பிட்டான், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடி, மறுபடி கூப்பிட்டான். லாஞ்சை அனுப்பிவிடலாம் என்றாள் நெலிடா. இப்போது லாஞ்சைக் கிளப்ப வேண்டுமானால் செயலியில் காரணம் எழுதி லீமாவில் அனுமதி வாங்க வேண்டும். என்ன காரணம் எழுதுவது? ஒரு போன் வந்தது, எடுத்தோம், அதனால் பயமாக இருக்கிறது என்றா? ரென்ஸோ மறுபடி பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பது வில்டரின் கண்முன் வந்துபோனது. நாள் கணக்குப் பார்த்தால் அவர்கள் பொலொக்னேசி சேர்ந்திருக்கிற நேரம்தான், நீ சும்மா வயிற்றைக் கலக்காதே என்று நெலிடாவிடம் எரிந்து விழுந்தான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். துறையில் லாஞ்ச் எண்ணெய் நிரப்பி, கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்காமல் அவன் மோட்டோடாக்சி பிடித்து வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி ரோசாவுரா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். இலையில் கட்டி வேகவைத்த கோழிச் சோறு போட்டாள். அவன் முதல் வாய் வைப்பதற்குள் மிஸ்டு கால் வந்ததா என்று கேட்டாள்.

"வந்துச்சு அண்ணி. ஒண்ணு."

"ஒண்ணுதானே? அப்பாடா, சேர்ந்துட்டார். ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்லை. இந்தக் கோடையில தண்ணி இப்படி வத்திக் கிடக்கு, என்னவோ ஏதோன்னு கெடந்து அடிச்சுக்கிட்டேன்." அவள் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து அவன் தட்டில் வைத்தாள். வில்டர் அதையும் சாப்பிட்டான். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான்.

திங்கட்கிழமை புக்கால்பா பச்சையாகிவிட்டது. இழந்த போன் ஒன்றுகூட இல்லை. ரென்ஸோ செயலியில் எல்லோரும் பார்க்கும்படி வில்டரின் பெயரைப் போட்டுப் பாராட்டினார், கீழே லீமாக்காரர்கள் கைதட்டும் படங்களை வரிசையாக வைத்தார்கள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் துறையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். மேலேயிருந்து ஒரு பெக்கே-பெக்கே வந்திருக்கிறதாம். பெக்கே-பெக்கே என்று இரைகிற சின்ன எஞ்சின் வைத்த வள்ளம் அது. அதில் ஊஞ்சல் துணியில் சுற்றி அப்னரின் உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்தில் லிஸ்டர் குந்தியிருந்தார். வில்டர் துறைப் படிகளில் இறங்கினான், பாதிப் படியில் நின்றுவிட்டான். மற்றவர்கள்தான் தூக்கினார்கள்.

வயிற்றில் குடல்வால் வெடித்துவிட்டது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒன்றுமில்லை, சாதாரண ஆபரேஷன்தான் என்று அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார்.

வில்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆபீசுக்குப் போனான். யாரையும் கேட்காமல் மணியைப் பழையபடி மாற்றினான். இன்னும் நாலைந்து படகுகள் நதியில் இருந்தன. மறுநாள் காலை பார்த்தால் லீமாவில் திரும்பவும் மாற்றி வைத்திருந்தார்கள். அவன் ரென்ஸோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். ரென்ஸோ உண்மையாகவே வருத்தப்பட்டார். நீங்கள் வேண்டிய நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அமைப்பை மட்டும் இப்போது தொட வேண்டாம், முதலாளிகள் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அடுத்த ஆய்வில் பேசலாம் என்றார். செயலியில் கறுப்பு ரிப்பன் படம் வந்தது. அதற்குக் கீழே அழுகிற முகங்களை வைத்தார்கள், முந்தின நாள் கைதட்டிய அதே ஆட்கள்.

சவம் வைத்திருந்த வீட்டு முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். படகுக்காரர்கள் சீட்டு ஆடிக்கொண்டும் சாராயம் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஒருவன் அப்னர் எப்போதோ எஞ்சினுக்குப் பதில் தன் சட்டையில் எண்ணெய் ஊற்றிக்கொண்ட கதையைச் சொல்ல, சிரிப்பும் கேட்டது. வில்டர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். நெலிடா வந்து தோளில் கை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

லிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயதான மனுஷன், மூன்று நாளாகத் தூங்காத கண்கள். கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"திட்டுல ஏறி நின்னுட்டோம்டா தம்பி. படகு அசையல. உங்கண்ணன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டான். நான் மேட்டுல ஏறி முதல் மிஸ்டு கால் கொடுத்தேன். அடிச்சதுதான் தாமதம், எடுத்துட்டாங்க. அடேங்கப்பான்னு காதுல வெக்காமலே நான் உடனே கட் பண்ணிட்டேன். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கேன்னு ரெண்டாவது போட்டா, பேலன்ஸ் இல்லைங்குது. சரி, அதான் எடுத்துட்டாங்களே, லாஞ்ச் கிளம்பியிருக்கும், இன்னும் எதுக்குன்னு இறங்கி வந்து சொன்னேன்."

வில்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டதும் அவன் மூஞ்சியே தெளிஞ்சுபோச்சு. 'முதல் மணிக்கே எடுத்தாங்களா? அப்போ என் தம்பிதான். போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கான்'னு சொன்னான். அவ்வளவு வலியிலயும் சிரிச்சான்டா."

சமையல் பக்கமிருந்து ரோசாவுரா காப்பித் தட்டோடு வந்து, அது காதில் விழுந்து நின்றாள்.

"மத்தியானம் இந்தப் பெக்கே-பெக்கேக்காரன் வந்தான்," என்று லிஸ்டர் தொடர்ந்தார். "பொலொக்னேசி ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறேன்னான். நாங்க தூக்கக்கூடப் போயிட்டோம். உங்கண்ணன்தான் வேணாம்னுட்டான். 'லாஞ்ச் வந்து பாத்துட்டு, என்னைக் காணோம்னா தம்பி பதறிப்போயிடுவான். இருக்கேன்'னு சொன்னான். அந்தாளும் போயிட்டான். மறுநாள் திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "லாஞ்ச் எந்த வளைவுல மாட்டுச்சு?"

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எஞ்சின் கெட்டுவிட்டது என்றால் போதும். யாரும் போய்ச் சோதிக்கப் போவதில்லை. அண்ணனுடைய அந்தச் சிரிப்பும் கெடாமல் கிடக்கும். வில்டர் ஒருகணம் அந்தப் பொய்யை மனதில் சொல்லிப் பார்த்தான். முடியவில்லை.

"லாஞ்ச் கிளம்பவே இல்லண்ணே. துறையிலதான் நின்னுச்சு. அன்னிக்கு உங்க போனை யாரும் எடுக்கல. மெஷின் எடுத்துச்சு. எது வந்தாலும் முதல் மணிக்கே எடுன்னு அதுக்குச் சொல்லி வெச்சது நான்தான்."

லிஸ்டருக்கு அது உடனே விளங்கவில்லை. மெஷின் எப்படி எடுக்கும் என்று கேட்டார். வில்டர் சொன்னான். தாங்களும் இங்கே ஒரே ஒரு மணியைப் பார்த்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டதையும் சொன்னான். நினைக்கவில்லை, நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்று திருத்தியும் சொன்னான். சீட்டு ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கிழவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ரெண்டு நாளா நாங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டார்.

ரோசாவுரா தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் வந்தாள். லிஸ்டருக்கு ஒரு காப்பி கொடுத்தாள். வில்டர் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.